நாகர் கல்லில் ஒட்டிய குட்டிகள்

என் வயதுக்காரர்களே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, கோடை லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் மாமா வீடு என்பீர்கள். மீதிப் பேர் எங்கும் போகவில்லை என்பீர்கள். நான் பாலம் கட்டுகிற இடத்துக்குப் போனேன்.

பாம்பனில் அப்போது கடலுக்கு மேல் ரோட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ரயில் மட்டும்தான். எங்கள் ஊர் நயினார்கோவிலுக்குப் பக்கம், மானாவாரி மிளகாய்க் காடு. மிளகாய் எடுத்து முடித்துவிட்டால் மழை வரும்வரை நிலத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மாதங்களில் அய்யா பாலத்துக்குக் கம்பி கட்டப் போவார். அம்மா அவருக்குச் சோறாக்கப் போவாள். நான் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு போவேன். கடற்கரையை ஒட்டிப் பனையோலைக் குடிசைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். சிமெண்டுத் தூசியும் கருவாட்டு வாடையும் சேர்ந்த ஒரு காற்று இருபத்துநாலு மணி நேரமும் அடிக்கும். நான் சொல்லப்போகிற கோடையில் எங்களோடு சித்தியும் வந்தாள். அப்போது எனக்குப் பத்து வயது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் ஊரிலேயே நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. நம் பக்கத்தில் அதற்கு முதலில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாக தோசம். ஆஸ்பத்திரி எல்லாம் பிறகுதான், அதுவும் பொம்பளைக்கு மட்டும்தான். தோசத்துக்குப் பரிகாரம், இரண்டு பாம்பு பின்னிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கல் அடித்து, அதை ஒரு மண்டலம் தண்ணீருக்குள் போட்டுவைத்து, பிறகு எடுத்து அரசும் வேம்பும் சேர்ந்த மரத்தடியில் வைத்துப் பால் ஊற்றுவது.

கல் அடித்து வந்த வருடம் எங்கள் ஊருணி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊரில் குடிக்கிற கிணறு ஒன்றே ஒன்று. அதில் கல்லைப் போடவிடுவார்களா? அய்யாதான் வழி சொன்னார்.

"நான் பாம்பனுக்குத்தான போறேன். கடல்ல போட்டுவச்சிட்டு வாரேன். ராமேசுவரத்துத் தண்ணிய விடவா பெரிய தீர்த்தம் இருக்கு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தியின் மாமியாருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. தண்ணீரில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று ஒரு வித்தியாசம் இருப்பது கடலைப் பார்க்காத, வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்குக் குடிக்கும்போது மட்டும்தான் ஞாபகம் வரும். அய்யா கல்லைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுபோய், முழங்கால் ஆழத்தில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் வைத்து, தேங்காய்க் கயிற்றால் கட்டிவிட்டு வந்தார்.

மண்டலம் முடிவதற்குள் சித்தியின் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். வருசம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது. கல் கடலிலேயே கிடந்தது. அந்த வருடம் முழுக்கச் சித்தியின் மாமியார் சும்மா இருக்கவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாள். ஒளிவு மறைவு எல்லாம் இல்லை. கிணற்றடியில் நாலு பேர் இருக்கும்போது சித்தியிடமே சொன்னாள்.

"நாகர வச்சுப் பாப்பம். அதுக்கும் ஒண்ணும் நடக்கலேன்னா தையில எம்மகனுக்கு வேற கட்டிருவேன். ஒன்னைய ஒண்ணும் வெரட்ட மாட்டேன், நீ பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துக்க."

அந்த மூலை எப்படி இருக்கும் என்று சித்திக்குத் தெரியும். அவள் பிறந்த வீட்டில் என் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அம்மாவுக்கோ வருடத்தில் பாதி நாள் குடிசைதான் வீடு. ஆகவே அந்தக் கோடையில் கல்லை எடுத்துவர வேண்டும் என்று சித்தி எங்களோடு ரயிலேறியபோது, அவள் வாழ்க்கையே அந்தக் கல்லோடு கட்டிக் கிடந்தது. எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. ரயில் கடலுக்கு மேல் போகும்போது ஜன்னலோரம் எனக்கா சித்திக்கா என்பதுதான் எனக்குக் கவலை. சித்தி எனக்கே விட்டுக்கொடுத்தாள்.

போன மறுநாள், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் அய்யா கடலுக்குள் இறங்கினார். கயிறு இற்றுப்போயிருந்தது. கல் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. பச்சையும் பழுப்புமாகப் பாசி. கரைக்குத் தூக்கி வந்து வைத்ததும் சித்தி தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். பாசி போகப் போக முதலில் படம் தெரிந்தது, பிறகு இரண்டு உடம்பும் பின்னியிருக்கிற இடம் தெரிந்தது. அங்கே போய்ச் சித்தியின் கை நின்றுவிட்டது.

"அக்கா" என்றாள்.

இரண்டு பாம்புக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பாம்புகள் சுருண்டு கிடந்தன. ஒன்று என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், மற்றவை அதைவிடச் சின்னவை. ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து, வால் பக்கம் சுருட்டி, தலைப் பக்கம் நிமிர்த்தி. தொட்டால் கல் மாதிரி கெட்டி. நகத்தால் நெம்பினால் வரவில்லை. கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தன. கல்தச்சர் இதையெல்லாம் அடிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாகரு குட்டி போட்டிருக்காருடி!"

நாகர் ஆண் என்றால் குட்டி எப்படிப் போட்டார் என்று நான் கேட்டேன். அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள்.

இப்போது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது ஒரு கடல் நத்தை. ஓடு மட்டும் புழு மாதிரி இருக்கும். குஞ்சாக இருக்கையில் மற்ற நத்தை மாதிரி ஒழுங்காகத்தான் சுருளுமாம். தண்ணீரில் மிதந்து வந்து ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டால் அதோடு சரி, ஆயுசுக்கும் அந்த இடத்தை விட்டு நகராது. பிறகு இடம் கிடைக்கிற பக்கமெல்லாம் கோணல்மாணலாக வளரும். இரை தேடி எங்கும் போக முடியாதே, அதனால் ஓட்டின் வாய்ப்பக்கமிருந்து கோழை மாதிரி நூல் விட்டு, அதில் ஒட்டுகிறதை நூலோடு சேர்த்து இழுத்துத் தின்னும். பாறைக்கும் நாகர் கல்லுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் சும்மா கிடந்த கல்லில் குடியேறியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே இதைச் சொன்ன ஆள் ஒருத்தி உண்டு. பக்கத்துக் குடிசை மீன்காரம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இது குட்டியுமில்ல ஒண்ணுமில்ல. பாறையில கெடக்கிற சாமான். நத்த சாதி. கால வச்சா கிழிச்சிப்புடும்."

"உசிரு இருக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"இருக்கும். தண்ணிக்குள்ள வச்சுப் பாரு. கடல் தண்ணியில வையி, நல்ல தண்ணி பட்டா போயிரும்."

"சாமி கல்லப் போயி நத்தைங்குறாளே" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். சித்தி அடுப்பங்கரையிலிருந்த பெரிய ஈய அண்டாவைக் காலி செய்து, கடலில் தண்ணீர் மொண்டு வந்து, கல்லை அதற்குள் இறக்கினாள். தினமும் காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் மொண்டு வருவாள். நல்ல நாள் பார்த்து ஊருக்குப் போகும்வரை கல் தண்ணீருக்குள் இருப்பதுதான் முறை என்று அம்மாவிடம் சொன்னாள்.

மத்தியானம் அம்மா கண்ணசந்ததும் நானும் சித்தியும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு உட்காருவோம். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். குழாய் மாதிரி இருந்த ஓட்டின் வாயில் கருஞ்சிவப்பாக ஒரு சின்னக் கதவு இருக்கும். மெல்லத் திறக்கும். உள்ளேயிருந்து இரண்டு குட்டிக் கொம்பு எட்டிப் பார்க்கும். பிறகு நூல் வரும். வெயில் அண்டாவில் சாய்வாக விழும்போது மட்டும்தான் அந்த நூல் கண்ணுக்குத் தெரியும். நான் விரலை ஆட்டினால் நிழல் பட்டே சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். சித்தி சிரிப்பாள். அந்தக் கோடைக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, சித்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போட்டாள். அது சீந்தவில்லை. "ரோசக்காரி" என்றாள். பெண் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

சேதி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. அய்யாவோடு வேலை பார்த்த ஆள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமே சித்தியின் மாமியார் ரயிலில் வந்து இறங்கினாள், கூடவே சித்தப்பா. சித்தப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனிதர். தன் தாய் இருக்கிற இடத்தில் அவருக்கு வாய் இருந்ததே இல்லை. எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

மாமியார் அண்டாவுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். சித்தியின் தாடையைப் பிடித்து, "எங்கொலம் வெளங்கிரும்த்தா" என்றாள். மகனிடம் திரும்பி, "ஏலே, முதுகுளத்தூருக்கு ஒரு காயிதம் போட்டுரு. நாம சொல்லுற வரைக்கும் பேச்ச நிப்பாட்டி வைக்கச் சொல்லு" என்றாள். சித்தப்பா சரி என்றார். காயிதம் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமியார் தன் கையால் சித்திக்குத் தலை வாரிவிட்டாள். ராமேசுவரம் போய்க் கதம்பம் வாங்கி வந்தாள். குடம் தூக்கவிடவில்லை. இரண்டு முட்டை அவித்தால் இரண்டும் சித்திக்கு. எனக்கு வாயூறும், சித்தி பாதியைப் பிட்டு என் கையில் திணிப்பாள். சித்தி அப்போது கர்ப்பமெல்லாம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் அவளைப் புள்ளத்தாச்சி மாதிரி நடத்தினார்கள். அவளும் அப்படியே நடந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெல்ல.

ஆனி பிறந்ததும் கல்லை ஊருக்குக் கொண்டுபோனோம். ராமநாதபுரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். கல்லை ஈரச் சாக்கில் சுற்றிச் சித்தப்பா மடியில் வைத்திருந்தார். சித்தி ஒரு பித்தளைக் குடம் நிறையக் கடல் தண்ணீர் எடுத்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் முறைத்தார். வழியெல்லாம் தளும்பித் தளும்பி அவள் சேலை நனைந்தது. வெயிலில் காய்ந்ததும் கரையெல்லாம் உப்புப் பூத்துவிட்டது.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். நடு முற்றத்தில் பெரிய கொப்பரையை வைத்திருந்தார்கள். சித்தி குடத்தைத் தூக்கிக் கொப்பரையில் ஊற்றப் போனாள்.

மாமியார் தடுத்தாள். "என்னத்தா இது, மீன் கழுவுன தண்ணி மாதிரி நாத்தம் அடிக்குது. சாமிய இதுலயா வைக்கிறது? கொட்டு அங்கிட்டு."

"அதுலதான் அத்தை இருந்துச்சு. அந்தத் தண்ணியிலேயே இருக்கட்டுமே."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? குடு இங்கன."

குடத்தை வாங்கி முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்துவந்த நல்ல தண்ணீரால் கொப்பரையை நிறைத்து, மஞ்சள் பொடி தூவி, கல்லை இறக்கினாள். சித்தி காலிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் கொப்பரையை எட்டிப் பார்த்தேன். கதவெல்லாம் சாத்தியிருந்தது.

மறுநாள் காலையில் மரத்தடியில் கல்லை நட்டார்கள். தாலியறுத்தவள் என்று எங்கள் பக்கம் யாரையும் ஒதுக்குவதில்லை; பூசாரி மணியடிக்க, மூத்தவள் என்கிற முறையில் முதல் பாலை மாமியார்தான் ஊற்றினாள். அப்புறம் மஞ்சள் தண்ணீர், அப்புறம் சந்தனம். குட்டிகள் இருந்த பள்ளத்தில் சந்தனத்தை நிறைய அப்பி, ஒவ்வொரு குழாய் வாயிலும் குங்குமப் பொட்டு வைத்தாள். ஊரே வந்து பார்த்தது. இரண்டு தெரு தள்ளிப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்தார்கள்.

இதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று மீன் சமைத்த கை உள்ள யாருக்கும் தெரியும். ஆனி மாத வெயில். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பெண்கள் பால் சொம்போடு மரத்தடிக்குப் போனால் கிட்ட நெருங்க முடியவில்லை. ஈ மொய்த்துக் கிடந்தது. காய்ந்த சந்தனம் வெடித்து, அந்த வெடிப்புக்குள் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதைப் பார்த்து எல்லாரும் பொத்தினார்கள்.

மாமியார் சொம்பைக் கீழே வைத்தாள். "சாமி நாறுமா? எங்கயாச்சும் சாமி நாறி யாராச்சும் கேட்டிருக்கீகளா?" என்றாள். பிறகு சித்தி பக்கம் திரும்பினாள். "இவ வயித்து ராசி. வந்த குட்டியும் செத்துப்போச்சு. இனி என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கிறது? ஏலே, நாளைக்கு மொத பஸ்ஸுல முதுகுளத்தூரு போ. நேர்ல போயிப் பேசி முடிச்சிட்டு வா."

சித்தப்பா மரப்பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். சித்தி அவரைப் பார்த்தாள். அவர் பட்டையைத்தான் பார்த்தார். என் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

சித்தி அழவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"உசிரு இல்லாதது நாறாது அத்தை. இது உசிரோட இருந்துச்சு."

"என்னடி ஒளறுற?"

"பாம்பன்ல எங்கையில இருந்த வரைக்கும் பொழச்சுக் கெடந்துச்சு. தெனம் தண்ணி மாத்துனேன், தெனம் பாத்தேன். இந்தப் புள்ளையவே கேளுங்க." என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "சொல்லுத்தா. உசிரோட இருந்துச்சா இல்லையா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், அந்த வயதிலேயே நன்றாகச் சொல்வேன். அன்றைக்குத் தேவைப்படவில்லை.

"இருந்துச்சு. கதவத் தெறக்கும். கொம்ப நீட்டும். நூலு விடும்" என்றேன்.

"கொம்பா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டு கொம்பு. கைய ஆட்டுனா உள்ள போயிரும்."

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. சித்தி விடவில்லை.

"நான் கொடத்துல தூக்கிட்டு வந்த தண்ணியக் கொட்டுனது யாரு அத்தை? வேணாம்னு சொல்லச் சொல்ல நல்ல தண்ணிய ஊத்துனது யாரு? மொதப் பால ஊத்துனது யாரு? எங்கையில இருந்தப்ப பொழச்சுக் கெடந்துச்சு. உங்க கை பட்டுத்தான் செத்துப்போச்சு."

மாமியார் தன் கையைப் பார்த்தாள். நான் நேர் எதிரே நின்றதால் நன்றாகத் தெரிந்தது. சுற்றி நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்தாள். சொம்பைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் சித்தப்பா முதல் பஸ்ஸில்தான் போனார். ஆனால் பேச்சு அவருக்கு முன்னாலேயே முதுகுளத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. நாகர் குட்டியே தங்காத வீட்டில் எங்கள் பெண் எப்படித் தங்கும் என்று கேட்டார்களாம். அங்கே மட்டுமில்லை, கமுதி, பரமக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் அதே கேள்வி. ஒரு வருடம் அலைந்து பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். சித்தி அந்த வீட்டில் மூலைக்குப் போகாமல் நடுவீட்டிலேயே இருந்தாள். கல்லில் ஒட்டியிருந்ததை அவளே அரிவாள் முனையால் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அப்படியும் வெள்ளைக் கோடுகள் போகவில்லை. பிள்ளை கடைசிவரை பிறக்கவில்லை. அதற்கு யார் காரணம் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் போய் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

மாமியாருக்கு நடந்ததை அந்த வயதில் நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்ததும் சீனித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள், சேனை என்போம். கைராசி உள்ள ஆள்தான் வைக்க வேண்டும். வைத்தவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதுவரை எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மாமியார்தான் சேனை வைத்தவள், எனக்கும் அவள்தான். அந்த ஆனிக்குப் பிறகு சேனை வைக்க அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. வளைகாப்புக்கு அழைப்பு வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவாள். யாராவது கைப்பிள்ளையோடு எதிரே வந்தால் பாதை மாறிப் போவாள். நாங்கள் பிள்ளைகள் அவளுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டோம். என் அம்மாகூட, "வாயி கொழுப்பு அடங்குச்சா" என்பாள். அவள் பயந்து ஒதுங்குகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நான் தொண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். மூத்தவன் பிறந்து வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ராமேசுவரத்தில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கடல் சாமான்களைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் ஒரு காட்சிக்கூடத்துக்குள் மூத்தவன் இழுத்துக்கொண்டு போனான். ஒரு பாட்டிலுக்குள் எங்கள் நாகர் குட்டிகள் சுருண்டு கிடந்தன. வெளியே 'புழு நத்தை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். காவலாளி வந்து மணியாகிவிட்டது என்று சொல்லும்வரை நின்றேன்.

அங்கிருந்து நேரே ஊருக்குத்தான் போனேன். மாமியார் அப்போது படுத்த படுக்கை. இடுப்பு எலும்பு முறிந்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. மலம் மூத்திரம் எடுத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டுவது எல்லாம் சித்திதான். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பார். அடுப்படியில் சித்தி குருணையைக் கஞ்சிக்குக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் மூச்சுவிடாமல் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அது நத்தை சித்தி, பாம்புமில்லை, சாமியுமில்லை, வெறும் நத்தை என்றேன்.

சித்தி கரண்டியை நிறுத்தவில்லை. "தெரியும்டி. அந்த மீன்காரம்மா அன்னைக்கே சொல்லுச்சே. நீயும்தான பக்கத்துல இருந்த."

"தெரிஞ்சேவா அத்தனை பேருக்கு முன்னால அப்படிச் சொன்னீக?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுற?"

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு சித்தி உள்ளே போனாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். என்னைப் பார்த்ததும் மாமியார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"புள்ளையத் தள்ளி வச்சுக்கத்தா. கிட்டக் கொண்டாராத. என் கை ஆகாது."

சித்தி இரண்டு வாய் ஊட்டினாள். மூன்றாவது வாய்க்குக் கரண்டியை எடுத்தவள் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

"அத்தை, அது நத்தை."

"எது?"

"கல்லுல இருந்தது. கடல் நத்தை. உப்புத் தண்ணியிலதான் பொழைக்கும். யாரு நல்ல தண்ணி ஊத்துனாலும் செத்திருக்கும். நான் ஊத்துனாலும் செத்திருக்கும். உங்க கையில ஒண்ணுமில்ல."

மாமியார் மெல்லத் திரும்பினாள். "ஒனக்கு இப்பத் தெரிஞ்சுச்சா?"

"அன்னைக்கே தெரியும்."

நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலிலிருந்து பீடி வாடை வந்துகொண்டிருந்தது. கிழவியின் வாயோரத்தில் கஞ்சி வழிந்தது, சித்தி துடைக்கப் போனாள், கிழவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பாவி. இம்புட்டு வருசமா நான் ஒரு புள்ளையத் தூக்கலையேடி."

"நானுந்தான் அத்தை" என்றாள் சித்தி.

எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல், கட்டிலில் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தேன். அவள் மொட்டைத் தலையை ஆட்டிக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தைக் காலால் எத்திவிட்டாள். கஞ்சி பாயில் ஓடியது. யாரும் துடைக்க எழுந்திருக்கவில்லை.